பெரிய ரயர் போட ஆசை, வண்டியை எவ்வளவு உயர்த்துவது?

வாகன மூலை: வாசகர் கேள்வி பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பழைய ஃபோர் வீல் பிக்கப்புகளைப் பற்றியவை. காரணம் தெரிந்ததுதான். 2020 இல் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தார்கள். அந்த இடைவெளியில் கொட்டிலுக்குள் கோழி முட்டையிட்டுக்கொண்டிருந்த டபுள் கப் (இரட்டை வரிசை இருக்கைப் பிக்கப்) எல்லாம் கழுவித் துடைத்து வெளியே வந்தன. திறந்த பிறகும் வரியோடு சேர்த்து விலை கேட்டவர்கள் பேசாமல் பழையதையே திருத்துகிறார்கள். திருத்துகிறவர்களில் இளசுகளுக்கு உடனே வருகிற ஆசை, வண்டியைத் தூக்கிப் பெரிய ரயர் போடுவது. ஆகவே இந்த முறை அதைப் பற்றியே கதைப்போம்.

கேள்வி: அண்ணை, மாமா எனக்குத் தந்த 1994 ஆம் ஆண்டு ஹைலக்ஸ் ஒன்று இருக்கிறது. எல்என்106 மொடல், 2.8 டீசல், முன்னுக்கும் பின்னுக்கும் பிளேட் ஸ்பிறிங். இப்போது 205 ஆர்16 ரயர் கிடக்கிறது. கரையில் மீன் வாடிக்குப் போய் மீனும் ஐஸ் பெட்டியும் ஏற்றி வருவேன். மணலில் டிபரன்சியல் தட்டி வண்டி நின்றுவிடுகிறது. கார்த்திகை வந்தால் ஒழுங்கை முழுக்க வெள்ளம். கொழும்பிலிருக்கும் நண்பன், "நாலு அங்குலம் தூக்கி 33 ரயர் போடு, எல்லாம் சரிவரும்" என்கிறான். செய்யலாமா?
— வாசகர், மருதங்கேணி

பதில்: தம்பி, முதலில் வண்டிக்குப் பின்னால் குந்தியிருந்து அடியைப் பாருங்கள். நடுவில் உருண்டையாகத் தொங்குகிறதே, அதுதான் மணலில் தட்டுகிற டிபரன்சியல், எஞ்சினின் வலுவை இரண்டு சில்லுக்கும் பிரித்துக் கொடுக்கிற பல்லுப் பெட்டி. அது அச்சோடு சேர்ந்தது. அச்சு சில்லோடு சேர்ந்தது. ஸ்பிறிங்கை மாற்றி நாலு அங்குலம் அல்ல, நாற்பது அங்குலம் தூக்கினாலும் அந்த உருண்டை நிலத்திலிருந்து ஒரு மயிரிழை உயராது. உயர்வது சேசிசும் (அடிச்சட்டமும்) அதன் மேலிருக்கும் பொடியும் (உடலும்) தான். உருண்டையை உயர்த்தக்கூடிய ஒரே சாமான் ரயர். அதுவும் ரயரின் விட்டம் கூடுகிற அளவில் பாதிதான் அதற்குக் கிடைக்கும்.

கணக்கைப் பாருங்கள். உங்கள் 205 ஆர்16 இன் விட்டம் ஏறக்குறைய 735 மில்லிமீற்றர். 235/85 ஆர்16 போட்டால் 806. வித்தியாசம் 71, அதில் பாதி 35. ஒன்றே கால் அங்குலத்துக்கு மேல். நண்பன் சொல்லும் 33 என்பது அங்குலக் கணக்கில் விட்டம், அதாவது 838 மில்லிமீற்றர். அதில் உங்களுக்குக் கிடைப்பது 51. அதாவது 235/85 ஐ விட 33 கூடுதலாகத் தருவது வெறும் 16 மில்லிமீற்றர், ஒரு சுண்டு விரல் தடிப்பு. அந்த 16 மில்லிமீற்றருக்காக நாலு அங்குலம் தூக்கி, மட்காட்டை வெட்டி, றிம்மை மாற்றி, டிபரன்சியல் பல்லையும் மாற்ற வேண்டிவரும். நான் செய்யமாட்டேன்.

ஆகவே ஒழுங்கு இதுதான்: முதலில் ரயரைத் தீர்மானியுங்கள். பிறகு அந்த ரயர் உரசாமல் சுழல எவ்வளவு இடம் வேண்டுமோ அவ்வளவு மட்டும் வண்டியைத் தூக்குங்கள். எங்கள் பெடியள் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். முதலில் லிஃப்ற் கிற்றை வாங்கிப் பூட்டிவிட்டு, பிறகு சில்லு சின்னனாகத் தெரிகிறதென்று ரயர் தேடி அலைகிறார்கள்.

உங்கள் வண்டிக்கு 235/85 ஆர்16 தான் என் தெரிவு. உயரம் உண்டு, அகலம் அதிகமில்லை, ஸ்ரியரிங்கை முழுதாக வெட்டும்போது முன் ஸ்பிறிங்கில் முட்டாது. இது லொறி வகை ரயராகவே வருவதால் ஐஸ் பெட்டிப் பாரத்தையும் தாங்கும். ஒன்றை மட்டும் பாருங்கள்: இந்த ரயருக்கு றிம் ஆகக் குறைந்தது 6 அங்குல அகலம் வேண்டும். றிம்மின் உட்பக்கத்தில் அளவு அடித்திருக்கும். ஐந்தரை என்றிருந்தால் றிம்மையும் மாற்ற வேண்டும். மாற்றும்போது வெளியே தள்ளி நிற்கிற றிம் எடுக்காதீர்கள், சில்லை வெளியே தள்ள நடுவில் வைக்கிற ஸ்பேசரும் வேண்டாம். சில்லு வெளியே போகப் போக பெயரிங்கில் விழுகிற பாரம் கூடும், ஸ்ரியரிங்கும் கையை இழுக்கும்.

ஸ்பிறிங் நல்லபடி இருந்தால் இந்த ரயர் கிட்டத்தட்ட அப்படியே உட்காரும். முன் மட்காட்டின் பின்மூலையிலும் பம்பர் ஓரத்திலும் உரசக்கூடும். ஆனால் முப்பது வருடம் பாரம் சுமந்த ஸ்பிறிங் நல்லபடியாகவா இருக்கப்போகிறது? சில்லின் நடுவிலிருந்து மட்காட் விளிம்பு வரை நாலு பக்கமும் நாடா பிடித்து அளந்து பாருங்கள். இடமும் வலமும் வித்தியாசப்பட்டால் ஸ்பிறிங் களைத்துவிட்டது. அதற்குப் புதுசு போட்டாலே தொலைந்த உயரம் திரும்பி வரும். எப்படியும் வாங்கத்தானே வேண்டும், 40 முதல் 50 மில்லிமீற்றர் வரை கூடுதல் வளைவுள்ளதாக வாங்குங்கள். அவுஸ்திரேலியத் தயாரிப்புகளில் இந்த வண்டிக்கென்றே பார அளவு பிரித்து விற்கிறார்கள். வெறும் வண்டிக்கு ஒன்று, எப்போதும் பாரம் ஏற்றுகிறவனுக்கு வேறொன்று. நீங்கள் பாரம் ஏற்றுகிறவர், அதைச் சொல்லிக் கேளுங்கள். இரண்டு அங்குலத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மலிவான வழிகளும் காதில் விழும். பட்டறையில் கொடுத்துப் பிளேட்டை நெருப்பில் காய்ச்சி வளைப்பது ஒன்று. காய்ச்சின பிளேட்டின் பதம் போய்விடும், கொஞ்ச நாளில் திரும்பப் படுத்துவிடும், அல்லது உடையும். ஸ்பிறிங்கின் நுனியைச் சேசிசில் தொங்கவிடுகிற ஷக்கிளை நீளமாக்குவது இன்னொன்று. முன் ஷக்கிளை நீட்டினால் அச்சு கொஞ்சம் முன்பக்கம் சாயும். திருப்பத்தில் ஸ்ரியரிங் தானாக நேருக்கு வராது, நேர் றோட்டில் வண்டி அலையும். அச்சுக்கும் ஸ்பிறிங்குக்கும் நடுவில் இரும்புக் கட்டை வைப்பது மூன்றாவது. பின்னுக்கு வைத்தால், ஏதோ, அச்சு முறுக்குவதைச் சமாளித்துக்கொண்டு ஓடலாம். முன்னுக்கு வைப்பதென்றால் அந்த வண்டியில் நான் ஏறமாட்டேன்.

இனி, தூக்குகிறவர்கள் அநேகமாகக் கவனிக்காத ஒரு சாமான். பின் அச்சுக்கு மேலே, சேசிசில் ஒரு சின்ன வால்வு இருக்கும். அதிலிருந்து மெல்லிய கம்பி ஒன்று அச்சுக்குப் போகும். பாரம் ஏற்றினால் பின்பக்கம் தாழும், கம்பி அசையும், வால்வு பின் பிறேக்குக்குக் கூடுதல் அமுக்கம் விடும். வண்டி வெறுமையாக இருந்தால் குறைக்கும். நீங்கள் ஸ்பிறிங்கால் இரண்டு அங்குலம் தூக்கிவிட்டால் அந்த வால்வு என்ன நினைக்கும்? வண்டி எப்போதும் வெறுமை என்று நினைக்கும். பின்னுக்கு ஐஸ் பெட்டி நிறைய இருக்க, பிறேக் பெரும்பாலும் முன் சில்லுக்கே போகும். கம்பி அச்சில் பூட்டியிருக்கும் இடத்தில், வண்டி உயர்ந்த அளவுக்கு ஒரு இரும்புப் பட்டைத் துண்டு வைத்து உயர்த்தினால் சரி. அரை மணித்தியால வேலை. ஆனால் இதைச் செய்தீர்களா என்று மெக்கானிக்கிடம் வாய்விட்டுக் கேளுங்கள். மேலே பார்க்கும் முகம் தெரிந்தால் கராச்சை மாற்றுங்கள்.

பிறேக் ஹோசும் அப்படித்தான். சேசிசில் ஜக் வைத்துச் சில்லு இரண்டும் தொங்கும் வரை தூக்குங்கள். அப்போது ஹோஸ் இழுபட்டு விறைத்து நின்றால் நீளமானது போட வேண்டும். ஷொக் அப்சோபரும் அதே கதை, அதுவும் நீளமாக வேண்டும். ஸ்பிறிங்கை அச்சோடு கட்டுகிற யூ போல்ட் புதிதாகவே போடுங்கள், பழையதைத் திரும்பப் பூட்டாதீர்கள். ஓடத் தொடங்கிச் சில நூறு கிலோமீற்றரில் ஒருதரம் திரும்ப இறுக்குங்கள்.

இவ்வளவும் முடிந்த பிறகு ஒரு சில்லைக் கட்டையில் ஏற்றி, ஸ்ரியரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை வெட்டி, எங்கே உரசுகிறதென்று கையால் தடவிப் பாருங்கள். முற்றத்தில் நிற்கும்போது உரசாத ரயர் குழியில் இறங்கினால் உரசும்.

எஞ்சினைப் பற்றி ஒரு சொல். உங்களுடையது டேர்போ இல்லாத 3எல் (இது எஞ்சின் வகையின் பெயர், லீற்றர் கணக்கல்ல), சுமார் 90 குதிரைவலு. ரயர் பெரிதானால் எஞ்சினுக்கு ஒவ்வொரு கியரும் கொஞ்சம் பாரமாகும். டிபரன்சியல் பல் விகிதம் 4.1 என்று வைத்துக்கொண்டால், 806 ரயரோடு அது 3.74 மாதிரி நடந்துகொள்ளும். 838 போட்டால் 3.6. ஆடி மாதச் சோளகத்தில் ஆனையிறவு வெளியில் ஐந்தாவது கியரில் போய்ப் பார்த்தால் அந்த வித்தியாசம் விளங்கும், நாலாவதுக்கு இறக்காமல் போகாது. 235/85 க்கு இது பொறுக்கக்கூடிய பாரம். 33 க்குப் பல்லை மாற்றத்தான் வேண்டும், அதுவும் முன்னும் பின்னும் ஒரே விகிதத்தில். ஒன்றை மட்டும் மாற்றி ஃபோர் வீலில் போட்டால் இரண்டு அச்சும் ஒன்றோடொன்று சண்டை பிடித்து எதையாவது உடைக்கும்.

உங்கள் விகிதம் என்னவென்று தெரிய வேண்டுமா? கியரை நியூட்ரலில் விட்டு, ஹான்ட் பிறேக்கை எடுத்துவிட்டு, முன் சில்லுகளுக்குக் கல் வையுங்கள். பின்னுக்கு ஒரு சில்லை மட்டும் ஜக்கால் தூக்குங்கள், மற்றது நிலத்தில் இருக்கட்டும். புரொப்பலர் ஷாப்டில் சோக்கால் ஒரு கோடு போட்டு, தூக்கிய சில்லைக் கையால் சரியாக இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். ஷாப்ட் எத்தனை சுற்றுச் சுற்றுகிறதோ அதுதான் விகிதம். நாலும் கொஞ்சமும் என்றால் 4.1, நாலரையைத் தாண்டினால் அதற்கு மேல். பஞ்சிகாவத்தையில் பழைய அச்சு வாங்கப் போகிறவர்களுக்கும் இந்த வித்தை உதவும்.

கடைசியாக, ஆனால் காசைக் கொடுக்க முன் செய்ய வேண்டியது: ஒரு சுத்தியலை எடுத்துச் சேசிசைத் தட்டிப் பாருங்கள். முக்கியமாகப் பின் ஸ்பிறிங் தொங்கும் கொளுவிகளுக்குப் பக்கத்தில். உங்கள் வண்டி உப்பு நீரிலும் மீன் தண்ணீரிலும் ஊறியது. டங்கென்று கேட்டால் நல்லது. தொப்பென்று கேட்டுத் தகடு தகடாகக் கறள் கொட்டினால், ஸ்பிறிங்குக்கு வைத்த காசு வெல்டிங்குக்குப் போகட்டும்.

கேள்வி: மேலே கேட்டவரேதான், இரண்டாவது கடிதத்தில்: ரயர் வாங்க இன்னும் காசு சேரவில்லை. அதுவரை மணலில் புதையாமல் இருக்க ஏதும் வழி உண்டா?

பதில்: உண்டு, அதுவும் இலவசம். காற்றை இறக்குங்கள். றோட்டில் 35 இறாத்தல் வைத்திருந்தால் மணலுக்கு இறங்குமுன் 18 க்கு விடுங்கள். ரயர் நீளவாக்கில் படிந்து மணலுக்கு மேலே மிதக்கும். இறுகிய ரயர் கிண்டிக்கொண்டு கீழே போகும். மணற்காடு, நாகர்கோவில் பக்கத்துப் பொடி மணலில் இந்த ஒன்றே வண்டியை எடுத்துவிடும். 15 க்குக் கீழே இறக்க வேண்டாம், திருப்பத்தில் ரயர் றிம்மை விட்டுக் கழன்றுவிடும். ரியூப் போட்ட ரயரென்றால் இன்னும் கவனம், ரியூப் சுற்றி வால்வு பிய்ந்துவிடும். தாருக்கு ஏறியவுடன் திரும்ப அடியுங்கள், பற்றறியில் வேலை செய்கிற சின்னப் பம்ப் ஒன்று போதும்.

இன்னொன்றையும் கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். முன் சில்லுகளின் நடுவிலிருக்கும் ஹப்பை லொக்கில் திருப்பிவிட்டா மணலுக்குள் போகிறீர்கள்? உள்ளே லிவரை ஃபோர் வீலுக்கு இழுத்தாலும், ஹப் ஃப்ரீயில் நின்றால் முன் சில்லு சும்மாதான் உருளும். கடற்கரை வண்டிகளில் அந்த ஹப் உப்புப் பிடித்து இறுகிப்போய், திருப்பினாலும் உள்ளே பிடிக்காமல் நிற்பதுண்டு. முன் சில்லு ஒன்றை ஜக்கில் தூக்கி, ஹப்பை லொக்கில் போட்டுச் சுற்றிப் பாருங்கள். உள்ளே அச்சுத்தண்டும் சேர்ந்து சுற்ற வேண்டும். சுற்றாவிட்டால் கழற்றிக் கழுவி, கிறீஸ் வைத்துப் பூட்டுங்கள். பாதிப் பேருக்கு லிஃப்ற் ஆசை அன்றோடு போய்விடும்.

கேள்வி: என்னுடையது பழைய மிற்சுபிசி எல்200. நண்பர் ஒருவர் முன்பக்க டோர்ஷன் பார் போல்ட்டை இறுக்கியே இரண்டரை அங்குலம் உயர்த்தித் தந்தார், காசும் வாங்கவில்லை. இப்போது சின்னக் குழியிலும் முன்னுக்கு டக்கென்று அடிக்கிறது. ரயரும் ஒரு பக்கமாகத் தேய்கிறது.
— வாசகர், சாவகச்சேரி

பதில்: காசு வாங்காதது நியாயம். டோர்ஷன் பார் என்பது முறுக்கத்தால் ஸ்பிறிங்காக வேலை செய்கிற இரும்புத் தண்டு. அதை இறுக்கினால் ஸ்பிறிங் நீளாது, சில்லு கீழே இறங்கி நிற்கும் நிலைதான் மாறும். அதனால் குழியில் இறங்கச் சில்லுக்கு மிச்சமிருந்த இடமும் தீர்ந்துவிட்டது. சில்லைப் பிடித்திருக்கிற இரும்புக் கை போய் ரப்பர் தடையில் அடிக்கிறது, அதுதான் உங்கள் டக். முன் அச்சுத்தண்டுகளும் கூடுதல் கோணத்தில் சுழல்கின்றன, அவற்றின் ரப்பர் உறைகளைப் பாருங்கள், மடிப்பில் வெடிப்பு விழத் தொடங்கியிருக்கும். வெடித்தால் கிறீஸ் வெளியே, மணல் உள்ளே, பிறகு அந்த மூட்டு முழுவதையுமே மாற்ற வேண்டியதுதான்.

ஒரு அங்குலத்துக்கு இறக்குங்கள். இறக்கியவுடன் வீல் அலைன்மென்ட் செய்யுங்கள், ரயர் தேய்வது அதோடு நிற்கும். இப்படி முன் சில்லு இரண்டும் தனித்தனியாக அசைகிற (சுயாதீன முன்பக்கம் உள்ள) வண்டியில் அதற்கு மேல் வேண்டுமென்றால் முன் டிபரன்சியலையும் சேர்த்துக் கீழே இறக்குகிற முழுக் கிற் போட வேண்டும், அது வேறு விலை. தென்மராட்சி ஒழுங்கைக்கு ஒரு அங்குலம் காணும்.

கேள்வி: இவர் வண்டியை உயர்த்தியதிலிருந்து மாமியை ஏற்ற முடியவில்லை. கோயிலுக்குப் போகக் கதிரை கொண்டுவந்து வைத்து ஏற்றுகிறோம். எதிரே வருகிறவர்கள் எல்லாம் லைற்றை அடித்து அடித்துக் காட்டுகிறார்கள். இவர் அதைப் பாராட்டு என்று நினைக்கிறார். எழுதுவது நான்தான் என்று தெரிய வேண்டாம்.
— வாசகி, கோப்பாய்

பதில்: தங்கச்சி, பெயர் போடவில்லை. லைற் அடிப்பது பாராட்டல்ல, உங்கள் வண்டியின் வெளிச்சம் அவர்களின் கண்ணில் குத்துகிறது. வண்டி உயர்ந்தால் ஹெட்லைற்றையும் தாழ்த்த வேண்டும், விளக்குக்குப் பின்னால் இரண்டு திருகாணி இருக்கும். மாலையில் சுவருக்கு முன்னால் நிறுத்தித் தாழ்த்தச் சொல்லுங்கள்.

மாமிக்குப் பக்கப் படி ஒன்று சேசிசில் பூட்டலாம். பொடியில் வெல்ட் வைக்க வேண்டாம், தகடு கிழியும். கதவுத் தூணில் ஒரு கைபிடியும் வேண்டும், வயது போனவர்களுக்குப் படியை விட அதுதான் முக்கியம். படியின் உயரத்தை மாமியை நிற்கவைத்து அளந்து செய்யுங்கள், உங்கள் கணவரை வைத்தல்ல.

கேள்வி: உயர்த்திய வண்டிக்குப் பொலிஸ் தொல்லை வருமா? வேகமானி பிழையாகக் காட்டும் என்கிறார்களே, உண்மையா?
— வாசகர், சுன்னாகம்

பதில்: உண்மை. 735 ரயருக்கு அளந்த வேகமானி, 806 ரயரோடு 60 காட்டும்போது நீங்கள் 66 இல் போய்க்கொண்டிருப்பீர்கள். பொலிஸாரின் கருவி 66 ஐத்தான் பார்க்கும். ஓடிய கிலோமீற்றரும் குறைவாகவே ஏறும், ஒயில் மாற்றும்போது அதை நினைவில் வைத்திருங்கள்.

வண்டியின் உயரமும் ரயர் அளவும் பதிவுப் புத்தகத்தில் எழுதப்படுகிற விஷயங்கள். மாற்றம் செய்யமுன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கேட்டு அனுமதி எடுங்கள், காப்புறுதிக்காரருக்கும் எழுத்தில் அறிவியுங்கள். விபத்து நடந்த பிறகு சொன்னால் அவர்கள் உங்களைவிட நன்றாக அளப்பார்கள்.

கேள்வி: பாவித்த 31 ரயர் நாலு மலிவாக வருகிறது. பூவெல்லாம் (நிலத்தில் படுகிற வெட்டுகள்) நன்றாக இருக்கிறது. வாங்கலாமா?
— வாசகர், வேலணை

பதில்: பூவைப் பார்க்க முன் வயதைப் பாருங்கள். ரயரின் பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். 2317 என்றால் 2017 ஆம் ஆண்டின் 23 ஆவது கிழமையில் செய்தது. ஒரு பக்கத்தில் இல்லாவிட்டால் உட்பக்கச் சுவரில் தேடுங்கள். பத்து வருடத்தை நெருங்கியதென்றால் பூ முழுதாக இருந்தாலும் விட்டுவிடுங்கள், ரப்பர் இறுகியிருக்கும். பக்கச் சுவரைக் கையால் மடக்கிப் பார்த்தால் மயிர் வெடிப்புகள் தெரியும், மடிப்பில் வெயில் பட்டதெல்லாம் காட்டிக்கொடுக்கும். 31 ரயர் பெரும்பாலும் 15 அங்குல றிம்முக்குத்தான் வரும், உங்களுடையது 16 என்றால் ரயர் மலிவாக வந்தும் பிரயோசனமில்லை. நாலும் ஒரே அளவா, ஒரே வகையா என்றும் பாருங்கள். ஃபோர் வீல் வண்டியில் முன்னுக்கு ஒரு விட்டம், பின்னுக்கு ஒரு விட்டம் போடக்கூடாது. ஐந்தாவதாக ஒன்று இருக்கிறதா என்றும் கேளுங்கள். வழியில் காற்றுப் போய்ப் பழைய சின்ன ஸ்பெயாரைப் பின்னுக்குப் பூட்டினால் டிபரன்சியல் வீடு வரும் வரை சும்மா சுற்றிக்கொண்டே இருக்கும்.